நிமிஷத்துக்கு ஒரு மங்கு

சன்னாசிக்கு ரப்பர் தோட்டத்தில் ஓய்வு கொடுத்து இரண்டு வருஷம் ஆகியும் விடியற்காலை நாலு மணிக்குக் கண் திறந்துவிடும். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கக் கூப்பிடும் பெரட்டு மணி இனி அவருக்காக அடிப்பதில்லை என்பது மனசுக்குத் தெரியும், உடம்புக்கு யார் போய்ச் சொல்வது? முன்பெல்லாம் எழுந்ததும் மரம் சீவும் கத்தியைத் தீட்டுவார். தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆனி மாதத்திலிருந்து எழுந்ததும் முதல் வேலை வேறாகிவிட்டது. பக்கத்தில் படுத்திருக்கும் பெண்டாட்டி பஞ்சாலையின் இடது முழங்கையில் காதை வைத்துக் கேட்பார்.

"ஓடுதா?" என்பாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

"ஓடுது, ஓடுது."

"அப்ப கோப்பி போடுங்க."

ஓடியது ரத்தம். பஞ்சாலைக்கு நாற்பத்தெட்டு வயது. சர்க்கரை வியாதி பத்து வருஷம் உள்ளேயே குடியிருந்து இரண்டு சிறுநீரகத்தையும் தின்று தீர்த்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணினால்தான் உயிர். கோலா சாவாவைத் தாண்டி செம்மண் சாலையில் மூன்று மைல் உள்ளே இருக்கும் தோட்டம் அது. முச்சந்தி வரைக்கும் யாராவது மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார்கள், அப்புறம் பஸ். நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்துவிட்டு மறுபடி அதே பஸ். வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தால் பேச்சு வராது. ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸ் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று வேறு சொல்லிவிட்டார்கள். வெயிலில் மரம் சீவிப் பழகிய பொம்பளைக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று சொன்னவர்களுக்குத் தெரியுமா என்ன!

இயந்திரத்துக்கு ரத்தம் போக அவள் கழுத்தில் ஒரு குழாய் செருகியிருந்தார்கள். இரண்டு முறை அதில் சீழ் வைத்துக் குளிர்க்காய்ச்சலில் ஆட்டம் போட்டாள். "கழுத்துக் குழாய் ரொம்ப நாள் தாங்காது, கையில் ஒரு வழி பண்ண வேண்டும்" என்றார் சீன டாக்டர். கைக்குள் ரத்தம் வேகமாக ஓடும் குழாய் ஒன்று, மெதுவாக ஓடும் குழாய் ஒன்று. இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டால் மெதுவான குழாயிலும் ரத்தம் வேகமாகப் பாயும். ஆறு வாரத்தில் அது தடித்து முறுக்கேறிவிடும். அப்புறம் அதில் ஊசி குத்திக்கொள்ளலாம், கழுத்துக் குழாயைக் கழற்றி எறியலாம்.

முதலில் இடது மணிக்கட்டில் செய்தார்கள். ஒரே மாதத்தில் அடைத்துக்கொண்டது. அடுத்தது இடது முழங்கையில். "இதுதான் கடைசி. இடது கையில் இனி இடமில்லை. இதுவும் போனால் வலது கைதான்" என்று டாக்டர் மலாயில் சொன்னார். பஞ்சாலை தலையாட்டினாள். சன்னாசி மட்டும் அவள் வலது கையையே பார்த்தார்.

ஏனென்றால் அந்த வலது கைதான் அவர்கள் வீடு. தோட்டம் கொடுக்கும் லயத்து வீடு வேலைக்காரனுக்கு மட்டும்தான். சன்னாசிக்கு ஐம்பத்தைந்து முடிந்ததும் வேலைக்காரர் பெயர் எழுதும் செக்ரோலில் அவர் பெயர் வெட்டப்பட்டது. அதற்குப் பிறகு பஞ்சாலையின் பெயரில்தான் வீடு நின்றது. அவள் சீக்கில் விழுந்ததும் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி நல்ல மனுஷனாக இருந்து தீபாவளி வரைக்கும் லீவு எழுதி வைத்தார். இடது கையில் ஊசி ஏறிவிட்டால் வலது கையால் கத்தி பிடித்து, சிரம்பானுக்குப் போகாத நாளில் தனக்கு ஒதுக்கின நிரையில் பாதி மரத்தையாவது சீவிவிடுவாள். வலது கையிலேயே குழாயைத் தைத்துவிட்டால் கத்தி ஏது, வீடு ஏது? ஒரே மகள் ஜோகூரில் மாமியார் வீட்டில் ஒண்டிக்கொண்டு இருக்கிறாள். போக்கிடம் கிடையாது.

சன்னாசியைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் மேலே போனால் அவர் செய்த காரியம் பைத்தியக்காரத்தனமாகப் படும். அது பைத்தியக்காரத்தனம் இல்லை. அவரவர் தொழில் அவரவர் புத்தியில் ஊறிப்போகிறது.

அவர் பிறந்தது லிங்கி ஆற்றோரம் ஒரு தோட்டத்தில். பன்னிரண்டு வயதில் கத்தி பிடித்தார். அவர் சீவின மரத்தைப் பார்த்தால் பட்டையில் காயமே தெரியாது, கோடு போட்ட மாதிரி இருக்கும். எழுபத்தாறு எழுபத்தேழில் தோட்டத்துக்குப் புது மருந்து ஒன்று வந்தது. சீவுகிற இடத்துக்குக் கீழே பட்டையைச் சுரண்டி பிரஷ்ஷால் தடவினால் பால் இரண்டு மடங்கு ஊற்றும். மங்கு நிறைந்து வழியும். பால் பிடிக்க மரத்தில் கட்டித் தொங்கவிடுகிற அந்தக் கோப்பை கொள்ளாமல் வேரில் சொட்டும். ஜனங்களுக்கு ஒரே குஷி. துரைக்கு அதைவிடக் குஷி.

சன்னாசி மட்டும் சந்தோஷப்படவில்லை. "மரத்துக்குள்ள கிணறா வெட்டி வச்சிருக்கு? ஒரேடியா ஊத்துனா எங்கேருந்துடா வரும்?" என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கண்ணெதிரே மருந்தைத் தடவிவிட்டு, அந்த ஆள் தலை மறைந்ததும் தலைத்துண்டால் துடைத்துவிட்டார். நானூறு மரத்துக்கும் அப்படித்தான். மூன்றாம் வருஷம் மற்றவர்கள் நிரையில் மரம் மரமாகப் பட்டை காய்ந்தது. கத்தி வைத்தால் ஒரு சொட்டு இல்லை. சன்னாசியின் நிரையில் ஒரு மரம் சாகவில்லை. துரையே நேரில் வந்து பார்த்து, தோட்டத்து விருந்தில் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். அது இன்னும் வீட்டில் மாட்டியிருக்கிறது. நேரம்தான் சரியாகக் காட்டாது.

"மரம் ரொம்ப ஊத்துனா பயப்படு. ஓய்வு குடு" என்பது சன்னாசி அன்றிலிருந்து எல்லோருக்கும் ஓதிய பாடம். பஞ்சாலைக்குத்தான் அதிகம் ஓதினார், பக்கத்து நிரை அவளுடையது.

ஆபரேஷன் முடிந்த அன்று ஒரு மலாய் நர்ஸ் பஞ்சாலையிடம் வெகு நேரம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். சன்னாசி அந்த நேரம் மருந்து வாங்கும் வரிசையில் நின்றார்.

"என்னா சொன்னிச்சு அது?" என்று திரும்பி வந்து கேட்டார்.

"தெனம் காலையில கையில காது வச்சுக் கேக்கணுமாம். உறுமுனா நல்லதாம்."

"அவ்வளவுதானா? அரை மணி நேரமா பேசுனிச்சு?"

"மலாய்க்காரங்க இழுத்து இழுத்துத்தானே பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு அவள் இடது கையிலிருந்த கண்ணாடி வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போட்டாள். சன்னாசி அதைப் பார்த்தார்.

அன்றிலிருந்து காது வைத்துக் கேட்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். பூனை மடியில் படுத்து உறுமுவது போல முழங்கைக்குள் கேட்டது. ஓய்வு பெற்ற இரண்டு வருஷத்தில் அவருக்கென்று ஒரு வேலை அதுதான். அதற்கு முன்பு என்ன செய்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கோயிலடியில் உட்காருவார், எழுவார், மறுபடி உட்காருவார்.

மூன்றாம் வாரம் கையில் ஸ்கேன் எடுக்கக் கூப்பிட்டார்கள். முதல் கை சத்தமில்லாமல் அடைத்துக்கொண்டதால் இந்தக் கையை அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஸ்கேன் அறை குளிர்பதனப் பெட்டி மாதிரி இருந்தது. படம் எடுக்கும் பெண் பூரணம், சிலோன்காரர்கள் வீட்டுப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் அப்பா ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவராம். அதனால் தோட்டத்து ஜனம் வந்தால் அவளுக்கு ஒரு தனி வாஞ்சை. தோட்டத்து ஜனத்துக்கோ ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சட்டை போட்ட பெண் எல்லாம் மிஸ்ஸிதான்.

"கொஞ்சம் சில்லுனு இருக்கும் அக்கா" என்று சொல்லிக் கையில் பசையைத் தடவி, சவரப் பெட்டி அளவுக்கு இருந்த ஒரு சாமானை அதன்மேல் வைத்து நகர்த்தினாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைந்தது. அப்புறம் ஒரு பொத்தானை அழுத்தினாள். அறை முழுக்கச் சத்தம்! உஷ்… உஷ்… உஷ்… என்று, பால் ஸ்டோரில் மோட்டார் போட்டுவிட்ட மாதிரி. சன்னாசி எழுந்து நின்றுவிட்டார்.

"இதெல்லாம் இவ கையில ஓடுறதா?"

"ஆமா அண்ணே. ரத்தம் எவ்வளவு வேகத்துல ஓடுதுன்னு இது சொல்லும். கொழாயோட அகலத்த அளந்து குடுத்தா, நிமிஷத்துக்கு எவ்வளவுன்னும் கணக்குப் போட்டுரும்." திரையைப் பார்த்துப் பூரணத்தின் முகம் மலர்ந்தது. "ஐந்நூத்தி இருவது மில்லி. மூணு வாரத்துக்கு இது ரொம்ப நல்லது அக்கா!"

"ஐந்நூத்தி இருவதுன்னா எவ்வளவு மிஸ்ஸி?"

பூரணம் ஒரு நொடி யோசித்தாள். புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்ற நல்லெண்ணம்தான், வேறொன்றுமில்லை. "ஒரு மங்கு நெறய இருக்கும் அண்ணே. நிமிஷத்துக்கு ஒரு மங்கு!" என்று சொல்லிச் சிரித்தாள்.

சன்னாசி சிரிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். ஒரு நல்ல மரம் காலை முழுக்கச் சொட்டினால்தான் ஒரு மங்கு பால். இவளுக்கு நிமிஷத்துக்கு ஒரு மங்கு. மருந்து தடவின மரம்கூட இப்படி ஊற்றியதில்லையே! அப்படியானால் டாக்டர் செய்ததும் அதே வேலைதான். ஊற்று ஊற்று என்று ஊற்றிவிட்டு ஒரு நாள் காய்ந்து போகும். முதல் கை காய்ந்தது அப்படித்தான். யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. அவருக்கு எல்லாம் தெளிவாக விளங்கிவிட்டது. விளங்கினதுதான் வினையாகப் போயிற்று.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் பழைய தலைத்துண்டிலிருந்து நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கையக் குடு புள்ள."

"எதுக்கு?"

"ஓய்வு குடுக்கணும். தூங்குற நேரத்துலயும் இப்படி ஊத்துனா தாங்காது. ஒட்டுச் செடிக்குக்கூட மூணு வாரம் நாடா சுத்தித்தானே வச்சிருப்போம். இதுவும் ஒட்டுத்தானே?"

பஞ்சாலை அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டினாள்.

முழங்கைக்கு மேலே துணியைச் சுற்றி, விரலை உள்ளே விட்டுப் பார்த்து, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி கொஞ்சம் இறுக்கி முடிச்சுப் போட்டார். காதை வைத்துக் கேட்டார். உறுமல் பாதியாக அடங்கியிருந்தது. அவருக்கு நிம்மதி. காலை நாலு மணிக்கு அவிழ்த்துவிட்டுக் கேட்டால் மறுபடி உறுமும். "பாத்தியா, ஓய்வு எடுத்துட்டு எப்படி ஓடுது!" என்பார். தினம் சாயங்காலம் கட்டு, தினம் காலை அவிழ்ப்பு. இப்படியே மூன்று வாரம் போயிற்று. கடைசி சில நாள் அவிழ்த்த பிறகும் சத்தம் மெலிதாகத்தான் கேட்டது. அடக்கமாக ஓடுகிறது, இனி காயாது என்று அவர் தேறுதல் சொல்லிக்கொண்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்குகிற யானைக்குச் சறுக்குவது தெரியவா செய்கிறது?

ஆறாம் வாரம் மறுபடி ஸ்கேன். சன்னாசி அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். இந்த முறை பூரணம் பொத்தானை அழுத்தினதும் கேட்ட சத்தம் வேறு மாதிரி இருந்தது. உஷ் என்று வரவில்லை. ஓட்டைக் குழாயில் காற்றுப் போவது போல மெலிசாகக் கீச்சிட்டது. பூரணம் இரண்டு தடவை, மூன்று தடவை அளந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நூத்தித் தொண்ணூறு" என்றாள். "அக்கா, கைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல மிஸ்ஸி."

பூரணம் விளக்கைப் போட்டு அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். முழங்கைக்கு மேலே தோலில் நாலு விரல் அகலத்துக்கு நிறம் மங்கி, துணியின் நெசவு லேசாகப் பதிந்திருந்தது. "இங்க என்ன கட்டுனீங்க அக்கா?"

"சட்டக் கை இறுக்கம்" என்றாள் பஞ்சாலை, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"சட்டையுமில்ல ஒண்ணுமில்ல, நான்தான் கட்டுனேன்" என்றார் சன்னாசி. அவர் குரலில் பெருமை இருந்தது, அதுதான் கொடுமை. மருந்து வந்த கதை, துண்டால் துடைத்த கதை, நானூறு மரம், கடிகாரம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். "நீங்கதானே மிஸ்ஸி சொன்னீங்க, நிமிஷத்துக்கு ஒரு மங்குன்னு. எந்த மரம் தாங்கும்? அதான் ராவுல அடக்கி வச்சேன்."

பூரணம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒரு பொத்தானைத் தட்டினதும் சாம்பல் படத்தில் சிவப்பும் நீலமும் தெரிந்தது.

"அண்ணே, இங்க பாருங்க. இந்தச் செவப்பு நெஞ்சிலேருந்து கைக்கு வர்ற ரத்தம். இந்த நீலம், கையிலேருந்து நெஞ்சுக்குத் திரும்பிப் போறது. மரத்துல வெட்டுனா பால் வெளிய போயிரும், போனது போனதுதான். இது வெளிய போவல அண்ணே. ஒரே ரத்தம்தான் சுத்திச் சுத்தி வருது. எவ்வளவு ஓடுனாலும் கொறயாது. ஓட ஓடத்தான் கொழாய் தடிக்கும். நிறுத்துனா…" அவள் விரல் திரையில் ஓர் இடத்தைத் தொட்டது. சிவப்பும் இல்லாமல் நீலமும் இல்லாமல் அந்த இடம் சாம்பலாகக் கிடந்தது. "நிறுத்துனா இப்படிக் கட்டிப்போகும்."

சன்னாசி அந்தச் சாம்பல் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடாத பால் மங்கில் கட்டிப்பாலாக உறைவதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர்தானே. அது ஏன் அப்போது புத்திக்கு எட்டவில்லை?

"என் தப்பும்தான்" என்றாள் பூரணம் மெதுவாக. "மங்குன்னு நான்தான் வாய விட்டேன்."

டாக்டர் வந்து பார்த்தார். முழுக்க அடைக்கவில்லை, இரண்டு வாரம் பார்ப்போம் என்றார். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தார். பந்தை அமுக்கி அமுக்கிக் கைக்கு வேலை கொடுக்கச் சொன்னார். துணி என்ற பேச்சே கூடாது என்றார்.

சன்னாசி ரந்தா பட்டணத்துச் சீனன் கடையில் ஒரு சிவப்பு ரப்பர் பந்து வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணியை அடுப்பில் போட்டார். அப்புறம் இரண்டு வாரம் அந்த வீட்டில் பந்து அமுக்கும் சத்தம்தான். பஞ்சாலை அமுக்கிக்கொண்டே இருப்பாள், அலுத்துப்போய் நிறுத்துவாள், அவர் பந்தையே பார்ப்பார், அவள் மறுபடி அமுக்குவாள். ஒருநாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்படிப் பாக்காதீங்க. திட்டுறதுன்னா என்னத் திட்டுங்க, ஒங்களத் திட்டிக்காதீங்க."

"ஒன்ன எதுக்குலா திட்டுறேன்? நீயா கட்டுன?"

அவள் பந்தை அமுக்கினாள்.

இப்போதெல்லாம் காலையில் இரண்டு தடவை காது வைத்துக் கேட்டார். சத்தம் நாளுக்கு நாள் தேய்ந்தது. ஸ்கேனுக்குப் போக வேண்டிய அன்று விடியற்காலை காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு காதை வைத்தார். விரலை வைத்தார். பூனை எழுந்து போய்விட்டிருந்தது.

"ஓடுதா?" என்றாள் பஞ்சாலை, கண்ணைத் திறக்காமல்.

"ஓடுது, ஓடுது."

"அப்ப கோப்பி போடுங்க" என்றாள். அவள் குரலைக் கேட்டதும் அவளுக்கும் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. கோப்பி போட்டார். இரண்டு பேரும் குடித்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

பூரணம் பொத்தானை அழுத்தினாள். இரைச்சல்தான் வந்தது, ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வருமே, அந்த இரைச்சல். சத்தத்தைக் கூட்டினாள். சாமானை மேலே நகர்த்தினாள், கீழே நகர்த்தினாள். கடைசியில் பொத்தானை அணைத்துவிட்டுப் பஞ்சாலையின் கையிலிருந்த பசையைத் துணியால் துடைத்தாள். வெகு நேரம் துடைத்தாள். "அக்கா…" என்றாள்.

"சரி மிஸ்ஸி, வலது கையில வெட்டட்டும்" என்றாள் பஞ்சாலை.

சிரம்பான் பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பஸ் வந்தது, போயிற்று. அது அவர்கள் பஸ்தான். சன்னாசிக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

"நானூறு மரத்தக் காப்பாத்துனேன்னு பெரும பேசுன வாயி. ஒரு கையக் கொன்னுட்டேனே புள்ள" என்றார்.

"நீங்க மட்டும் கொல்லல" என்றாள் பஞ்சாலை. "எனக்குத் தெரியும்."

"என்னா தெரியும்?"

"ஆபரேஷன் அன்னைக்கே அந்த மலாய் நர்ஸ் சொன்னிச்சு. இறுக்கமா எதையும் கட்டாதே, வளையல் போடாதே, வாட்ச் போடாதேன்னு. வெளக்கமாத்தான் சொன்னிச்சு. எனக்கும் நல்லாத்தான் புரிஞ்சிச்சு."

சன்னாசி அவளைத் திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சுமா கையக் குடுத்த? ஏண்டி? என் வாயில அடிச்சிருக்கலாமே!"

"ரெண்டு வருஷமா நீங்க கோயிலடியில சும்மா ஒக்காந்து கெடந்தத பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அன்னைக்குத் துணியோட வந்தப்ப ஒங்க மொகத்துல அந்தப் பழைய களை இருந்திச்சு. வேணாம்னு சொல்ல வாய் வரல." ஒரு பெருமூச்சு விட்டாள். "அதோட, கல்யாணமாகி இத்தன வருஷத்துல நீங்க என் கையத் தொட்டு இப்படிப் பக்கத்துல ஒக்காந்ததே இல்ல. மரத்தத்தான் தொடுவீங்க. தெனம் சாயங்காலம் அந்த அஞ்சு நிமிஷம்… இன்னைக்கு ஒருநாள் கட்டட்டும், நாளைக்குச் சொல்லிக்கலாம்னே தள்ளிட்டேன். எனக்கும் அலுத்துப் போச்சுங்க. கையி போனா போவட்டும்னு சில நாள் தோணிச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வாழ்ந்துவிட்டோமே என்று சன்னாசி நினைத்தார். அடுத்த பஸ் வந்தது. ஏறினார்கள்.

புரட்டாசியில் வலது கையில் ஆபரேஷன் நடந்தது. பஞ்சாலையின் பெயர் செக்ரோலிலிருந்து வெட்டப்பட்டது. ஆனால் மரம் சீவ ஆள் கிடைக்காத காலம் அது. இளசுகள் எல்லாம் பேக்டரிக்குப் போய்விட்டார்கள். கிராணி யோசித்து, அவள் நிரைக்குத் தினக்கூலியாகச் சன்னாசியைப் போட்டுவிட்டார். வீடு நின்றது. ஐம்பத்தேழு வயதில், முட்டி தேய்ந்த காலோடு, பெண்டாட்டியின் கத்தியை எடுத்துக்கொண்டு அவர் பெரட்டுக்குப் போனார். "மூணாவது மரம் கோணல், ஏணிய நல்லா ஊனிக்கிட்டு ஏறுங்க" என்று வாசலில் நின்று சொல்லி அனுப்பினாள்.

இரண்டாம் வாரம் மண்டோர் மருந்து டின்னும் பிரஷ்ஷும் கொண்டு வந்து கொடுத்தார். சன்னாசி ஒவ்வொரு மரமாகத் தடவினார். மண்டோர் தலை மறைந்தது. தோளில் துண்டு கிடந்தது. அவர் கை அதன் பக்கம் போகவில்லை, துணியை நம்பிப் பட்டது போதும். அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்.

நாலாம் வாரம் பூரணம் வலது கையைப் பார்த்தாள். அறை முழுக்க உஷ் உஷ் என்று சத்தம். "ஐந்நூத்தி அறுவது" என்று கணக்கை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"எத்தன மங்குன்னு சொல்லலியே மிஸ்ஸி" என்றாள் பஞ்சாலை. பூரணம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

கார்த்திகையில் கழுத்துக் குழாயைக் கழற்றினார்கள். ஊசி வலது கையில் ஏறியது. வாரத்துக்கு மூன்று நாள் பஸ்ஸும் நாலு மணி நேரமும் அப்படியேதான் இருந்தது. இப்போது அவள் தனியாகப் போய் வந்தாள், அவர் வேலைக்குப் போக வேண்டுமே.

ஒருநாள் மத்தியானம் சன்னாசி ஸ்டோரில் பாலை ஊற்றிவிட்டு வந்து, சோப்புப் போட்டுக் கையை இரண்டு தடவை கழுவினார். பாயில் சாய்ந்திருந்த பஞ்சாலையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"காலையிலதான் கேட்டாச்சே? ஓடுதுன்னு சொன்னீங்களே" என்றாள்.

"அது காலையில கேட்டது. இப்ப சும்மாதான்" என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கையை அவரிடமே விட்டுவிட்டாள்.